உணரும் இரும்புக்கரம்

நுழையும்முன்

இடிந்து விழுந்த கட்டடத்தினுள் ஓர் உயிர் காத்திருக்கிறது. அதன்மேல் பல டன் எடையுள்ள கான்கிரீட் கிடக்கிறது. மனிதக் கைகளுக்கு உணர்வு உண்டு. அந்த எடையைத் தூக்கும் வலிமை இல்லை. இயந்திரக் கைகளுக்கு வலிமை உண்டு. தாம் தொடுவது கல்லா, உயிரா என்று அறியும் உணர்வு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்க அறிவியலாளர் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் தேவையையும் வளர்ச்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மாலை, கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடமொன்று சரிந்து விழுந்தது. பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அதனுள் சிக்கிக்கொண்டனர். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விரைந்தனர். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினரும் காவல் துறையினரும் அவர்களோடு இணைந்து இரவு பகலாக உழைத்தனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 61 பேர் உயிரிழந்தனர். உயிருடன் மீண்டவர்களுள் ஒருவர் ஏறத்தாழ 72 மணி நேரம் இடிபாட்டுக்குள் கிடந்தவர்.

மூன்று நாள்கள் ஒருவர் உயிரோடிருந்தார் என்பது நம்பிக்கை தரும் செய்தி. அதே செய்தி ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. பாரந்தூக்கிகளும் அகழ்பொறிகளும் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒருவரை வெளிக்கொணர ஏன் இத்தனை நேரம் தேவைப்படுகிறது? மீட்பரின் வேகம் குறைவு என்பது இதற்கு விடையன்று. இடிபாட்டின் இயல்பிலும் நம் இயந்திரங்களின் இயல்பிலும் அவ்விடை அடங்கியிருக்கிறது.

இடிபாட்டின் இயல்பு

விழுந்த கட்டடம் வெறும் கற்குவியல் அன்று. சுவர், தூண், உத்தரம், தளம் ஆகியன ஒன்றையொன்று தாங்கியும் அழுத்தியும் ஒரு புதிய சமநிலையில் நிற்கின்றன. அச்சமநிலை எந்நேரமும் குலையக்கூடியது. அதன் இடையிடையே அமையும் வெற்றிடங்களில்தான் உயிர் தங்குகிறது.

ஒரு தளத்தின் ஒருபுறம் மட்டும் தாங்கலை இழந்து கீழே சாய்ந்தால், சாய்ந்த பலகைக்கும் நின்ற சுவருக்கும் இடையே முக்கோண வடிவில் இடம் கிடைக்கும். தளம் நடுவில் முறிந்து மடிந்தால் இருபுறமும் அத்தகைய இடங்கள் தோன்றும். தூண்கள் முற்றிலும் தோற்றுவிட்டால் தளங்கள் அடுக்கிவைத்த அப்பங்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இவ்வகைச் சரிவே மிகக் கொடியது. இதில் மேசை, கட்டில், படிக்கட்டு போன்றவற்றை ஒட்டிய சிறு இடைவெளிகளே எஞ்சுகின்றன.

இவ்விடைவெளியைத் தாங்கி நிற்பது எந்தத் துண்டு என்பது வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. பயனற்றதாகத் தோன்றும் ஓர் உடைந்த உத்தரமே, கீழே ஒருவரின் தலைக்குமேல் கூரையாக நிற்கலாம். அதனை அசைத்தால் கூரை போய்விடும். எனவே, மீட்பர் ஒவ்வொரு துண்டையும் அகற்றுமுன் ‘இது எதனைத் தாங்குகிறது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எடையும் கணக்கும்

நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் கனமும் கொண்ட ஒரு தளத்துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் கனஅளவு 1.8 கனமீட்டர். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் நிறை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். எனவே அத்துண்டின் நிறை 4,320 கிலோகிராம், அதாவது நான்கு டன்னுக்கும் மேல். ஒரு சிறிய படுக்கையறையின் கூரை மட்டுமே இவ்வளவு! எத்தனை பேர் கூடினாலும் கையால் தூக்கக்கூடிய எடையன்று இது. ஆகவே இயந்திரம் தேவை என்பதில் ஐயமில்லை.

பாரந்தூக்கியின் வலிமையும் எல்லையுடையதே. பாரத்தின் எடையையும், பாரந்தூக்கியின் அச்சிலிருந்து அப்பாரம் இருக்கும் தொலைவையும் பெருக்கிக் கிடைக்கும் திருப்புவிசையே அதன் எல்லையை முடிவுசெய்கிறது. நான்கு மீட்டர் தொலைவில் 20 டன் தூக்கும் பாரந்தூக்கி, அதே திருப்புவிசையைக்கொண்டு 20 மீட்டர் தொலைவில் நான்கு டன் மட்டுமே தூக்கும். அதன் நீண்ட கையின் சொந்த எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் இவ்வளவு இன்னும் குறையும். மேலே கண்ட தளத்துண்டைக்கூட அதனால் அசைக்க இயலாது. இடிபாட்டுக்கு அருகில் வந்து நிற்கலாம் என்றால், இயந்திரத்தின் எடையே அங்குள்ள வெற்றிடங்களை நசுக்கிவிடும். தொலைவில் நின்றால் வலிமை போதாது; அருகில் வந்தால் ஆபத்து. மீட்புப்பணியின் முதற்சிக்கல் இது.

வலிமையே தடையாகும்போது

நம் ஊர்களில் ‘பொக்லைன்’ என்று வழங்கும் அகழ்பொறி மண் அள்ளுவதற்காக உருவானது. அதன் வாளியின் பற்கள் கிழிப்பதற்கும் வாருவதற்கும் ஏற்றவை. பற்றித் தூக்கி மெல்ல வைப்பதற்கு ஏற்றவை அல்ல. முறுக்குக் கம்பிகளால் பிணைக்கப்பட்ட கான்கிரீட் துண்டொன்றை வாளியால் இழுத்தால், கம்பியின் மறுமுனையில் உள்ள மற்றொரு துண்டும் கூடவே இழுபடும். இயந்திரத்தின் அதிர்வு தளர்ந்த பகுதிகளைச் சரியச்செய்யும். அதன் இரைச்சல் உள்ளிருந்து எழும் மெல்லிய குரலை மூழ்கடிக்கும். அதன் புகை காற்றோட்டமற்ற இடுக்குகளில் தேங்கும்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய அக்கட்டடத்தில் 1,134 பேர் மாண்டனர். முதல் சில நாள்கள் மீட்பர்கள் பெரும் இயந்திரங்களை ஒதுக்கிவைத்தனர்; சுத்தியல், உளி, சிறு வெட்டுக்கருவி ஆகியவற்றைக்கொண்டே துளையிட்டு உள்ளே நுழைந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் உயிருடன் வெளிவந்தனர். ஐந்தாம் நாள் இரவு, சிக்கியிருந்த பெண் ஒருவரை விடுவிக்கக் கம்பியை வெட்டியபோது தெறித்த தீப்பொறியால் உள்ளே தீப்பற்றியது. அப்பெண் உயிரிழந்தார். அதன் பின்னரே பெரும் இயந்திரங்கள் களமிறக்கப்பட்டன.

பெரும் இயந்திரத்தை முன்னரே இறக்கியிருந்தால் உயிரோடிருந்த பலரை அது நசுக்கியிருக்கக்கூடும். இறக்காததால், சிறு கருவிகளால் எட்ட இயலாத ஆழத்தில் இருந்தோர் காத்திருக்க நேர்ந்தது. இயந்திரத்தை எப்போது இறக்குவது என்னும் முடிவு ஒவ்வொரு பேரிடரிலும் மீட்புப்படைத் தலைவரின் மனத்தைக் கனக்கச்செய்யும் முடிவாகும். இயந்திரத்தை மென்மையாக இயங்கச்செய்ய முடிந்தால், அம்முடிவின் கடுமை குறையும். மீட்பு இயந்திரங்களைச் செம்மைப்படுத்தும் ஆய்வின் மையப்பொருள் இதுவே.

தெரிந்து தெளிவோம்

நீண்ட நேரம் பாரத்தின்கீழ் நசுங்கிய கை கால்களில் தசைகள் சிதைகின்றன. பாரத்தைத் திடீரென அகற்றினால், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்னும் புரதமும் குருதியில் கலக்கின்றன. முன்னது இதயத்துடிப்பைக் குலைக்கிறது. பின்னது சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. இதனை ‘நசிவு நோய்த்தொகுப்பு’ என்பர். இரண்டாம் உலகப்போரில் லண்டன் நகரின்மீது குண்டு வீசப்பட்டபோது இடிபாடுகளில் சிக்கியோரை ஆராய்ந்து, எரிக் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் 1941ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கினார். எனவே, பாரத்தைத் தூக்கும் முன்பே சிக்கியவருக்கு நரம்பு வழியாக நீர்மம் செலுத்துவது இன்றைய நடைமுறை. இயந்திரத்தை இயக்குபவர் மருத்துவரின் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

உணர்வற்ற கை

அகழ்பொறியின் கை பாஸ்கல் விதியின்படி இயங்குகிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது அவ்விதி. பொறியால் அழுத்தப்பட்ட எண்ணெய் உருளைகளுக்குள் பாய்ந்து உந்துதண்டுகளைத் தள்ளுகிறது. கை நீள்கிறது, மடங்குகிறது. இயக்குபவர் பிடித்திருக்கும் நெம்புகோல், எண்ணெயின் பாதையைத் திறந்து மூடும் அடைப்பிதழ்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அவர் விரலால் மெல்ல அசைத்தாலும் மறுமுனையில் பல டன் விசை பிறக்கும்.

இவ்வமைப்பில் விசை ஒருவழியாகவே செல்கிறது. இயந்திரத்தின் கை எதனை எவ்வளவு அழுத்துகிறது என்பது இயக்குபவரின் கைக்குத் திரும்பி வருவதில்லை. இருட்டில் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுக்கும்போது நம் விரல் நுனிகள் நொடிக்குநொடி செய்தி அனுப்புகின்றன; அதற்கேற்பப் பிடியைத் தளர்த்துகிறோம், இறுக்குகிறோம். மரத்துப்போன கையால் அதனைச் செய்ய இயலுமா? அகழ்பொறியை இயக்குபவரின் நிலை அதுவே. திறமைமிக்கவர்கள் இயந்திரத்தின் ஓசையையும் இருக்கையின் அதிர்வையும் கொண்டு ஓரளவு ஊகிக்கின்றனர். அவ்வூகம் மண் அள்ளுவதற்குப் போதும். உயிர் மீட்பதற்குப் போதாது.

கோபே கற்பித்த பாடம்

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் உயிரிழந்தனர். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நின்ற நாடு, இடிபாடுகளின்முன் செயலற்று நிற்க நேர்ந்தது. சிக்கியவர்களுள் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. இந்நிகழ்வுக்குப்பின் மீட்புப்பணிக்கான எந்திரங்களை உருவாக்கும் ஆய்வு அந்நாட்டில் ஊக்கம் பெற்றது.

2004ஆம் ஆண்டில் ‘என்ரியு’ என்னும் இயந்திரம் அறிமுகமானது. ‘உதவும் பறவைநாகம்’ என்பது அப்பெயர் உணர்த்தும் பொருள். ஐந்து டன் எடையும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் கொண்ட அது, இரு கைகளாலும் சேர்ந்து ஒரு டன் எடையைத் தூக்கவல்லது. அதனை உள்ளிருந்தும் இயக்கலாம், தொலைவிலிருந்தும் இயக்கலாம்.

இயந்திரத்துக்கு இரண்டு கைகள் எதற்கு? இளநீர் சீவுபவரைப் பாருங்கள். ஒரு கை காயைப் பற்றிக்கொள்ள, மறுகை அரிவாளை வீசுகிறது. பிடிக்கும் கை இல்லையேல் காய் உருண்டோடிவிடும். இடிபாட்டிலும் அவ்வாறே. ஒற்றைக் கை கொண்ட அகழ்பொறி ஓர் உத்தரத்தை வெட்டினால், வெட்டுண்ட பகுதி கீழே விழும். அங்கே யாரேனும் இருக்கலாம். ஒரு கை உத்தரத்தைத் தாங்கிப்பிடிக்க, மறுகை கம்பியை வெட்டினால் அவ்விபத்தைத் தவிர்க்கலாம். ஹிட்டாச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அஸ்டாகோ’ என்னும் இருகை இயந்திரம் இக்கருத்தின்படி அமைந்தது. 2011ஆம் ஆண்டு ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை குவித்த இடிபாடுகளை அகற்றுவதில் இவ்வகை இயந்திரம் பயன்பட்டது.

கைகள் இரண்டானபின்னும் உணர்வு வரவில்லை. அக்குறையை நீக்க 2014ஆம் ஆண்டு முதல், தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் சதோஷி தடோகொரோ தலைமையில் ஜப்பானிய அரசின் ஆய்வுத்திட்டமொன்று செயல்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய இருகைக் கட்டுமான எந்திரன் அதன் விளைவுகளுள் ஒன்று. அவ்வெந்திரனில் மூன்று செம்மைகளைக் காணலாம்.

முதலாவது, தொடுவுணர்வு. இயந்திரக் கையின் நுனி கல்லிலும் இரும்பிலும் ஓயாமல் மோதுவதால், அங்கே நுண்ணிய உணர்விகளைப் பொருத்தினால் அவை விரைவில் பழுதாகும். எனவே உருளைகளுக்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தை அளந்து, நுனியில் செயல்படும் விசையைக் கணக்கிட்டனர். அவ்விசையும், கை ஒரு பொருளைத் தொடும்போது எழும் அதிர்வும் இயக்குபவரின் கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. மரத்த கைக்கு உணர்வு வந்ததைப் போன்றது இது.

இரண்டாவது, பார்வை. இயக்குபவர் தம் இருக்கையிலிருந்து இடிபாட்டின் மறுபுறத்தைக் காண இயலாது. எந்திரனைச் சுற்றிப் பொருத்திய ஒளிப்படக்கருவிகளின் காட்சிகளை இணைத்து, மேலிருந்து நோக்குவதுபோன்ற ஒரே காட்சியாக்கினர். கம்பிவடத்தால் பிணைக்கப்பட்ட ட்ரோன் மேலே பறந்து வேண்டிய கோணத்தைக் காட்டியது. புழுதியும் புகையும் மறைக்கும் இடங்களில் அகச்சிவப்புக் கதிர்க்கருவி உதவியது.

மூன்றாவது, தொலைவு. மீட்பரின் உயிரும் உயிரே. இயக்குபவர் பாதுகாப்பான இடத்திலிருந்து இயந்திரத்தைச் செலுத்தும்போது, மீண்டும் சரியக்கூடிய பகுதிகளிலும் துணிந்து பணியாற்றலாம்.

கண்டறியும் கருவிகள்

தூக்கும் கை எங்கே தூக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மோப்ப நாய்கள் இன்றளவும் இப்பணியில் சிறந்து விளங்குகின்றன. அவற்றுக்குத் துணையாக ஒலியுணர்விகளும் நீண்டு வளையும் ஒளிப்படக்கருவிகளும் பயன்படுகின்றன. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க்கின் உலக வணிக மையம் வீழ்ந்தபோது, சிறிய எந்திரன்கள் இடிபாட்டின் இடுக்குகளில் முதன்முதலாகத் தேடுதலில் ஈடுபட்டன. அமெரிக்காவின் நாசா அமைப்பு பங்கேற்று உருவாக்கிய ‘ஃபைண்டர்’ என்னும் கருவி, நுண்ணலைகளை இடிபாட்டினுள் செலுத்தி, இதயத்துடிப்பாலும் மூச்சாலும் அவ்வலைகளில் தோன்றும் மிகச்சிறு மாற்றத்தைக் கண்டறிகிறது. 2015ஆம் ஆண்டு நேபாள நிலநடுக்கத்தின்போது சௌதாரா என்னும் ஊரில் இடிபாடுகளுக்குள் புதைந்திருந்த நால்வரை மீட்க அது துணைபுரிந்தது.

இக்கருவிகள் அனைத்துக்கும் அமைதி வேண்டும். 2017ஆம் ஆண்டு மெக்சிகோ நிலநடுக்கத்தின்போது மீட்பர் ஒருவர் மூடிய கையை உயர்த்தினால், இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. திரண்டிருந்த மக்கள் அனைவரும் வாய்மூடி நின்றனர். உள்ளிருந்து வரும் ஒரு முனகலுக்காக ஒரு தெருவே மூச்சடக்கியது.

சிறியதும் வலியது

எல்லாச் செம்மையும் பேருருவ இயந்திரத்தில்தான் நிகழும் என்று கருதவேண்டியதில்லை. காற்றுத் தூக்குப்பை என்பது இரண்டு விரற்கடைக் கனமுள்ள, வலுவூட்டப்பட்ட ரப்பர் பை. 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள பையின் பரப்பு 3,600 சதுரசென்டிமீட்டர். வளிமண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், சதுரசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ எட்டு கிலோகிராம் வீதம், அது 28 டன் வரை தாங்கும். ஆனால், பை உப்ப உப்பத் தொடும் பரப்புக் குறைவதால் தூக்கும் விசையும் குறையும். ஆகவே பாரத்தைச் சிறிது தூக்கியதும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுப்பர். பின்னரே மீண்டும் தூக்குவர். இப்பையை ஒருவரே சுமந்து இடுக்கில் செருகலாம். இதனால் அதிர்வும் தீப்பொறியும் எழுவதில்லை.

நம் நாட்டின் நிலை

2001ஆம் ஆண்டு குடியரசு நாளன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கமும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நம் நாட்டைச் சிந்திக்கச் செய்தன. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி 2006ஆம் ஆண்டு தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் நான்காவது அணி அரக்கோணத்தில் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அந்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு விரைந்த நம் படையினர், நூர்தாகி நகரின் இடிபாடுகளிலிருந்து சிறுமி ஒருத்தியை உயிருடன் மீட்டனர்.

எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. ஒரு கட்டடம் இடிந்தவுடன் அவ்விடத்துக்கு முதலில் வருவது ஆய்வகத்தில் பிறந்த இருகை எந்திரன் அன்று. பக்கத்துத் தெருவில் வேலைசெய்துகொண்டிருந்த அகழ்பொறியே. அதனை இயக்குபவர் மீட்புப்பயிற்சி பெற்றவர் அல்லர். ஆகவே செம்மைப்படுத்துதல் அங்கிருந்தே தொடங்கவேண்டும். வாளியைக் கழற்றிவிட்டு, பற்றும் இடுக்கியையும் கம்பி வெட்டும் கத்திரியையும் விரைவில் மாட்டிக்கொள்ளும் வசதி எளிய இயந்திரங்களிலும் இடம்பெறலாம். பாரத்தின் எடையைக் காட்டும் கருவியையும் கைநுனியில் ஒளிப்படக்கருவியையும் பொருத்தலாம். ‘மேலிருந்து கீழாக, ஒவ்வோர் அடுக்காக அகற்று, இழுக்காதே, தூக்கு, சைகை கண்டால் உடனே நிறுத்து’ என்னும் அடிப்படைப் பயிற்சியை இயக்குநர்களுக்கு அளிக்கலாம்.

கட்டடம் விழாமல் கட்டுவதே முதல் அறம். மண்ணின் தாங்குதிறனை ஆராய்வதும், விதிகளின்படி தூண்களை அமைப்பதும், அவற்றை நேர்மையாகக் கண்காணிப்பதும் எந்த மீட்பு இயந்திரத்தையும்விட மிகுதியான உயிர்களைக் காக்கும். அதனையும் மீறி ஒரு கட்டடம் விழும் நாளில், இருளில் காத்திருப்பவரின்மேல் நீளும் கை இரும்பாகவே இருக்கட்டும்; அக்கை தான் தொடுவது உயிர் என்பதை உணர்ந்து நிற்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் நிலையத்துக்குச் சென்று, இடிபாட்டு மீட்புக்கு அங்குள்ள கருவிகளைப் பட்டியலிடுக.
2. உங்கள் வகுப்பறையின் கூரைத்தளத்தின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அறிந்து அதன் நிறையைக் கணக்கிடுக.
3. ‘பேரிடரின்போது முதலில் உதவுவோர் அண்டை வீட்டாரே’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. இடிபாட்டில் வெற்றிடங்கள் தோன்றும் முறைகளுள் இரண்டினைக் குறிப்பிடுக.
2. பாரத்தைத் தூக்குமுன் மருத்துவரின் குறிப்புக்காகக் காத்திருப்பது ஏன்?

சிறுவினா

1. இளநீர் சீவுபவர் உவமையின்வழி இருகை இயந்திரத்தின் தேவையை விளக்குக.
2. காற்றுத் தூக்குப்பை செயல்படும் முறையை எழுதுக.

நெடுவினா

மீட்புப்பணியில் பெரும் இயந்திரங்களின் வலிமையே தடையாவது எவ்வாறு? அத்தடையைக் கடக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைத் தொகுத்து எழுதுக.